யார் காசில் ஆலோசனை?

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். சொந்த ஊர் கோபிப் பக்கம். சில வருடங்களாக கிளாஸ் அட்வைசராகவும் இருக்கிறேன். அரியரை வீட்டில் சொல்லப் பயப்படுகிற பையன், அப்பா தறியை விற்று ஃபீஸ் கட்டினார் என்று அழுகிற பெண், எல்லாரும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். பாடம் நடத்துவதைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏப்ரல், மே வந்தால் அட்மிஷன் டார்கெட் கொடுத்து எங்களை வீடு வீடாக அனுப்புகிறார்கள். அங்கேயும் ஆலோசனை சொல்வதாகத்தான் பேச்சு. வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கல்வி ஆலோசகர் ஆகலாமா? என்ன படிக்க வேண்டும்? பிழைக்க முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆகலாம். ஆனால் ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுத வேண்டாம்.

படிப்புக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இந்த வேலைக்குப் பலகை மாட்ட யாரும் உரிமம் கேட்பதில்லை. உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை இருந்தால் நல்லது. ஆசிரியர்களுக்கென்று மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்சிஇஆர்டி ஒரு வருட வழிகாட்டல் டிப்ளமோ நடத்துகிறது, மைசூர் மண்டல நிறுவனத்திலும் உண்டு, அதைப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொல்வதை அவசரப்படாமல் கேட்கவும், இது நம் கையில் இல்லை, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது என்று அடையாளம் காணவும் அந்தப் படிப்பு உதவும். அதற்கு மேல் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது அந்த டார்கெட் விஷயம்தான். நம் பக்கம் கல்வி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிற பலருக்குப் பெற்றோர் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை, கொடுப்பது கல்லூரி, தலைக்கு இவ்வளவு என்று. ஆலோசனை இலவசம் என்றதும் அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக எழுந்து போகிறார்கள், பையன் எங்கே சேர வேண்டும் என்பது அவன் மதிப்பெண் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது என்பது தெரியாமல். நீங்கள் வெளியே வந்து உட்கார்ந்த முதல் மாதமே இரண்டு மூன்று கல்லூரிகளின் பி.ஆர்.ஓ.க்கள் டைரியும் காலண்டருமாக வருவார்கள். அன்றைக்கு என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் நீங்கள் ஆலோசகரா, அட்மிஷன் ஆளா என்பது. வாங்குவது என்றால் படிக்கப் போகிற வீட்டிடம் வாங்குங்கள், தொகையை முதலிலேயே சொல்லி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வாங்காமல் விடுங்கள். கல்லூரியிடம் ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்கூட வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்ட ஓர் அலுவலகம் தொடங்கினார், அந்த வருடமே இறந்தும் போனார். பிள்ளை தன்னை அறிய வேண்டும், வேலைகளை அறிய வேண்டும், இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும், இதுதான் அவர் சொன்ன வழி. இன்று முதலாவதற்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு வண்ண வண்ணமாக ரிப்போர்ட் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார் என்று பக்கத்து அவிநாசியில் பி.காம். படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திரும்பத் திறக்கலாம் என்றானது, அந்த நிலையங்களின் ஆய்வகத்தில் வேதியியல் படித்தவருக்கு வேலை இருக்கிறது, ஆனால் வேதியியல் பட்டப்படிப்பு என்றாலே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். கோவை பம்ப் கம்பெனி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, நாமக்கல் கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை எல்லாவற்றிலும் படித்தவருக்கு என்ன வேலை, ஐந்து வருடத்தில் என்ன சம்பளம் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிற ஆலோசகரை நான் இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் அதைத் தொடங்குங்கள்.

அப்புறம் விதிகள். இதில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு சின்னத் தகவல் தெரியாமல் போனால் லட்சக்கணக்கில் போகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பெண்ணை, நன்றாக வருவாள் என்று கடன் வாங்கி நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கிறார்கள். அந்த நாளோடு அவளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விட்டது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் கிடைக்கிற புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போச்சு. தனியார் பள்ளியில் அவள் கூடுதலாக எடுக்கப்போகும் மார்க் இதையெல்லாம் ஈடுகட்டுமா என்று கணக்குப் போட்டுக் காட்ட அந்த மே மாதத்தில் ஒருவரும் இல்லை. சில பிள்ளைகளுக்கு ஈடுகட்டவும் செய்யும், அது வேறு. கணக்கைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் இப்படித்தான், அரசுக் கலந்தாய்வில் வந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. டோக்கன் அட்வான்ஸ் கட்டிய பிறகு இதைச் சொல்லி என்ன பயன்?

கணித ஆசிரியை என்பது உங்களுக்கு வசதி. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கட்ஆஃப் போடுவதை எல்லாரும் செய்துவிடுவார்கள். கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடுகிற சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்க, பெயர் பெற்ற ஐந்தை மட்டும் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் நிற்கிறார்கள். போன வருடக் கடைசி ரேங்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையைச் சரிசெய்து கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாராளமாகக் காசு வாங்கலாம்.

வீட்டையும் அறிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் பாதி வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்க டீச்சர், காலேஜ் பஸ்சு எங்கூரு வழியா வருமுங்களா?" என்பதுதான். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதற்குப் பதில் இல்லாமல் நீங்கள் போடுகிற எந்தத் திட்டமும் அந்த வீட்டில் நிற்காது. பெங்களூரில் இருக்கிற தாய்மாமன் போனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரிடமும் பேச வேண்டியிருக்கும், பேசுங்கள்.

பிழைப்பு? பெரும்பாலும் மேயிலிருந்து ஆகஸ்ட் வரைதான் வரும்படி. மீதி மாதங்களுக்கு வேறு வருமானம் வேண்டும். அதனால்தான் ராஜினாமா இப்போது வேண்டாம் என்றேன். பொங்கல் கழிந்ததும் உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் பேச ஒரு சனிக்கிழமை கேளுங்கள். மார்ச்சில் தேர்வு வந்துவிடும், அதற்கு முன்னால் இருக்கட்டும். பாலிடெக்னிக் மூன்று வருடம் முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள், பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்த பிறகு சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். உங்கள் கல்லூரியின் பெயரை மட்டும் அங்கே எடுக்காதீர்கள், அவர்களே கேட்டாலும்கூட.