கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 11,700 ராண்ட். திங்கள் முதல் வெள்ளி வரை 45 மணி நேரம், அப்புறம் சனிக்கிழமை 4 மணி நேரம், அதற்குத் தனியாகப் பணம் கிடையாது. மழையில் ஆபீஸ் கூரை ஒழுகி மேசையில் இருந்த லேப்டாப் கெட்டதற்கு என் சம்பளத்தில் 5,000 பிடித்துவிட்டார்கள். விலகுவதென்றால் நான் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டுமாம், அவர்கள் ஒரு மாதம் தந்தால் போதுமாம், மிச்ச லீவுக்கும் பணம் இல்லையாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன செய்வது அண்ணா?
– வாசகி, டர்பன்

பதில்: தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் வருஷத்து வேலை நிபந்தனைச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை எந்தக் கையெழுத்தாலும் பறிக்க முடியாது.

லேப்டாப் விஷயம்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கிறது. உங்கள் தவறால் நஷ்டம் வந்திருக்க வேண்டும், உங்கள் பக்க நியாயத்தைக் கேட்டிருக்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட கடனுக்கென்று நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அப்போதும் பணச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல், அதாவது 2,925 ராண்டுக்கு மேல், பிடிக்கக் கூடாது. கூரை ஒழுகியதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? முழுப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

சனிக்கிழமை வேலை ஓவர்டைம். உங்கள் மாதச் சம்பளத்தை 195-ஆல் (வாரம் 45 மணி, மாதத்துக்கு 4⅓ வாரம்) வகுத்தால் மணிக்கு 60 ராண்ட், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 90. வாரம் 360 ராண்ட் உங்களுக்குச் சேர வேண்டியது. அதோடு, சேரும்போது போட்ட ஓவர்டைம் சம்மதம் ஒரு வருஷத்தில் காலாவதி ஆகிவிடும், இப்போது உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

முதலாளி தருவதைவிட நீளமான நோட்டீஸை உங்களிடம் கேட்கவே கூடாது, ஒரு மாதம் போதும். மிச்ச லீவுக்கும் விலகும்போது பணம் தந்தே ஆக வேண்டும்.

சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், சனிக்கிழமை வேலைக்கு வரச்சொன்ன வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மசியவில்லை என்றால் டர்பனில் இருக்கும், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சி.சி.எம்.ஏ. அலுவலகம் போங்கள், கட்டணம் கிடையாது, உங்கள் சம்பளத்தில் இருப்பவர்கள் பாக்கிப் பணத்துக்கும் 2019 முதல் அங்கேயே முறையிடலாம். கேட்டதற்காக வேலையைவிட்டு அனுப்பினால் மட்டும் தாமதிக்காதீர்கள், வேலைநீக்கத்தை எதிர்க்கும் மனுவை 30 நாளுக்குள் அங்கே கொடுத்துவிட வேண்டும்.