கல்லடிப் பாலத்தில் நிலா வட்டம்: பாதிதான் படத்தில் விழுகிறது என்ற கேள்விக்கு

வணக்கம். மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று 18-55 மி.மீ. லென்ஸால் நிலாவைச் சுற்றிய வட்டத்தை எடுத்தால், வட்டம் பாதியில் வெட்டுப்படுகிறது, நிலாவும் வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

லென்ஸில் குறை இல்லை, வட்டம்தான் அவ்வளவு பெரிது. உயரத்து மெல்லிய மேகத்திலுள்ள அறுகோணப் பனிப் பளிங்குகள் ஒளியை வளைப்பதால் அது நிலாவிலிருந்து 22 பாகை தள்ளித் தோன்றும். அதாவது குறுக்களவு 44 பாகை. நிலாவோ அரைப் பாகைதான்! கையை நீட்டி விரல்களை விரித்தால், பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனி வரை ஏறக்குறைய அந்த 22 பாகை வரும். எடுக்குமுன் அப்படி அளந்து பாருங்கள். உங்கள் லென்ஸை 18 மி.மீ.இல் வைத்தாலும் படத்தின் உயரம் சுமார் 45 பாகைதான், ஆகவே நிலா சரியாக நடுவில் இருக்க வேண்டும். கைபேசியின் அகலக் கமரா இதற்கு இன்னும் வசதி.

நிலா வெளிறுவதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். வட்டத்துக்குத் தேவையான ஒளி நிலாவுக்கு மிக அதிகம். நான் நிலாவை ஒரு தென்னோலைக்குப் பின்னால் மறைத்துவிடுவேன், வட்டம் தெளிவாக வரும்.

அப்புறம், பாலத்தில் ஆட்கள் நடந்தாலே கமரா ஸ்டாண்ட் அதிரும். வாவிக்கரைக்கு இறங்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800, எஃப் (லென்ஸ் திறப்பு) 3.5, நேரம் 2 விநாடி என்று தொடங்கி, வட்டம் மங்கலாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். ஃபோகஸை நிலாவில் பிடித்ததும் மனுவலுக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிடுங்கள்.

நிலாவை ஒட்டி, சிறிதாக, நிறத்தோடு தெரியும் வளையம் வேறு. அது மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. அதற்கு மட்டும் லென்ஸை 55 மி.மீ. பக்கம் திருப்புங்கள்.