செயற்கை நுண்ணறிவு என்றாலே பயமாக இருக்கிறது. எப்படி மீள்வது?

பொத்தாம்பொதுவாகப் பயந்தால் பயம் தீராது. எதற்குப் பயம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் சாட்ஜிபிடி போன்ற செயலிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே வாக்கியம் அமைக்கின்றன. அதனால்தான் தெரியாததையும் தயங்காமல் சொல்கின்றன. நீங்கள் கரைத்துக் குடித்த ஒரு விஷயத்தில், உங்கள் தொழிலாகவே இருக்கட்டும், அதனிடம் பத்துக் கேள்வி கேளுங்கள். எங்கே சரி, எங்கே கதை விடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். மருந்தளவு, சட்டம், பணம் இவற்றில் அதன் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கடவுச்சொல், ஓடிபி எதையும் அதில் தட்டாதீர்கள்.

குரல் மோசடி பற்றிய பயம் நியாயமானது. சில வினாடி ஒலிப்பதிவிலிருந்தே போலிக் குரல் தயாரிக்க முடிகிறது. "அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்பு" என்று மகன் குரலில் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, உங்களிடம் உள்ள அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லையும் இன்றே பேசி வையுங்கள். பிறந்த தேதி, செல்லப்பெயர் வேண்டாம். அவை சமூக வலைத்தளங்களிலேயே கிடைத்துவிடும்.

வேலை போய்விடுமோ என்று கலங்குபவர்கள், ஒரு வாரத்துப் பணிகளை எழுதி, திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்க்கும்போது, சரிபார்க்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.