எடிட்டரிலேயே உட்கார்ந்திருக்கும் பையனை என்ன செய்வது?

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். "விளையாடினால்கூடப் பரவாயில்லை சார், ராத்திரி ஒரு மணி வரைக்கும் மரமும் மலையும் வைத்துக்கொண்டே இருக்கிறான், ஆட்டத்தையே தொடங்குவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குக் கவலை தந்த அந்த வரிதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது.

தம்பி உட்கார்ந்திருப்பது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினிப் போர் ஆட்டத்தின் சினாரியோ எடிட்டரில். ஆடுகிறவனே தனக்கென்று ஒரு களத்தையும் கதையையும் (அதுதான் சினாரியோ) உருவாக்கிக்கொள்ளும் கருவி அது. 1999-ல் அந்த ஆட்டம் வந்தபோதே எடிட்டரும் கூட வந்தது. பட்டறைச் சாவியை ஆடுகிறவன் கையிலேயே கொடுத்துவிடுவது மாதிரி. நிலம், ஆறு, கோட்டை எல்லாம் வைப்பது அதில் சுலபமான பாதி. மறுபாதிக்கு டிரிகர் என்று பெயர். 'குதிரைவீரன் பாலத்தைத் தாண்டினால்' என்பது நிபந்தனை. 'காட்டில் ஒளிந்திருக்கும் படை வெளியே வரட்டும்' என்பது விளைவு. இப்படி ஐம்பது, அறுபது டிரிகரை ஒன்றோடொன்று இடிக்காமல் கோப்பதுதான் வேலை.

போன சனிக்கிழமை அவனை என்னிடம் அனுப்பினீர்களே, அப்போது லேப்டாப்பைத் திறந்து காட்டினான். தூதுவன் வாசலுக்கு வந்ததும் பத்து வீரர்கள் வரவேற்க வரவேண்டும். வந்தார்கள். அப்புறம் இன்னும் பத்து, இன்னும் பத்து. வாசல் நிரம்பி, வயல் நிரம்பி, லேப்டாப்பே திணற ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. டிரிகர்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்தான். ஏழாவதில் 'லூப்பிங்', அதாவது திரும்பத் திரும்ப நடக்கட்டும் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. எடுத்துவிட்டான். பத்தே பேர் வந்து நின்றார்கள். இதற்கு டீபக்கிங் என்று பெயர் வைத்து மென்பொருள் கம்பெனிகளில் சம்பளம் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்தப் பொறுமை இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உங்கள் வீட்டுக்காரர் இதை ஆன்லைன் ரம்மியோடு சேர்த்துத் திட்டுவதாக எழுதியிருந்தீர்கள். இதில் பணம் கட்டி ஆடும் சமாச்சாரமே கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள். அப்படியே இதையும் சொல்லுங்கள்: இந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் சிலர் தாங்களாகவே கூடுதல் பாகம் ஒன்று செய்தார்கள். 2013-ல் அது 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் அதிகாரபூர்வமாகவே வெளிவந்தது. அந்தக் கூட்டம் பிறகு ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2022-ல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அவர்கள் கைவேலைதான். தம்பி ராஜேந்திர சோழன் படையெடுப்பை ஆடுகிறானே, திரிசடை என்ற கப்பலை ஓட்டுகிறானே, அதெல்லாம் அதில் வந்ததுதான்.

இன்னொன்று, 'கவுன்டர் ஸ்டிரைக்'. அது முதலில் தனி ஆட்டமே இல்லை. 'ஹாஃப் லைஃப்' என்ற ஆட்டத்தின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு மாணவர்கள் 1999-ல் கட்டியது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது, அவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் இதைப் பெரிய நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெயித்தவர்கள் பெயர்தான் நம் காதுக்கு வரும். கட்டியது யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலும் இருக்கிறது. பிளிசார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட் 3' எடிட்டரில் ரசிகர்கள் செய்த 'டோட்டா' என்ற ஆட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அதன் அடுத்த பாகத்தை வெளியிட்டது பிளிசார்ட் இல்லை, மேலே சொன்ன வால்வ். 2020-ல் 'வார்கிராஃப்ட் 3' புதுப்பதிப்பு வந்தபோது, எங்கள் எடிட்டரில் நீங்கள் செய்வதெல்லாம் எங்களுக்கே சொந்தம் என்று பிளிசார்ட் விதிமுறையில் எழுதிவிட்டது. எதையாவது வெளியிடுவதற்கு முன் அந்த நீளமான விதிமுறைப் பக்கத்தைப் படிக்கத் தம்பியைப் பழக்குங்கள். யாரும் படிப்பதில்லை, நானும் ரொம்ப நாள் படித்ததில்லை.

சரி, படிப்பு. பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள குரூப் எடுக்கட்டும். பன்னிரண்டு முடித்ததும் சாதாரண கணினிப் பொறியியலோ பி.எஸ்சி. கணினி அறிவியலோ போதும். வடிவமைப்புப் பக்கம் மனம் போனால் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம் படிக்க 'யூசீட்' என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, எந்தக் குரூப் படித்தவர்களும் எழுதலாம். பட்டம் முடித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலைப் படிப்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டச் சொல்லும் சான்றிதழ்ப் படிப்புக்கு மட்டும் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் விளம்பரத்தை நம்பி ஒரு பையனை அப்படி ஒரு இடத்துக்கு நானே அனுப்பினேன். அங்கே சொல்லிக்கொடுத்த பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அவன் அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த விடுமுறைக்கு ஒரே வேலை. எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதை முடித்தான் என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் ஆடக்கூடிய ஒரே ஒரு சினாரியோ, முதலிலிருந்து முடிவு வரை. முடித்ததும் இரண்டு நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆடவிடட்டும். தம்பி அவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. "அந்தப் பக்கம் போடா" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லக் கூடாது. நண்பன் எங்கே வழி தெரியாமல் முழிக்கிறானோ அதைக் குறித்துவைத்து மறுநாள் சரிசெய்ய வேண்டும். அந்த நோட்டுதான் நாளைக்கு நேர்காணலில் எடுத்துக் காட்ட உதவும். இரண்டு மாதத்தில் ஒன்றுகூட முடியவில்லை என்றால் இது அவனுக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். அதுவும் தப்பில்லை, படிப்பை வேறு பக்கம் யோசிப்போம்.

ராத்திரி பத்தரைக்கு வைஃபையை மட்டும் அணைத்தால் போதாது, எடிட்டர் இணையம் இல்லாமலும் ஓடும். லேப்டாப்பை வாங்கி உங்கள் அறையில் வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு, அவன் சினாரியோவில் இருந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டேன், "ஆடிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டான்.