கேள்வி பதில்: தொலைந்துபோன பூச்சியம்

கேள்வி: அண்ணா, மட்டக்களப்பு நகரில் ஒரு அலுவலகத்தில் நெற்வேர்க் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 140 ஐ.பி. போன்களும் 46 கமெராக்களும் வந்து இறங்கியிருக்கின்றன. விவரங்களை ஒரு சி.எஸ்.வி. பைலில் எழுதி, கருவிகளை நிர்வகிக்கும் அமைப்புக்கு ஒரே தடவையில் ஏற்றலாம் என்றார்கள். ஏற்றினேன். முதலில் ‘முதல் நிரலின் பெயரைக் காணவில்லை’ என்று திருப்பி அனுப்பியது. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அதை ஒருவாறு சமாளித்து ஏற்றினால், 065 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 65 என்று போய் உட்கார்ந்துவிட்டன. பேசாமல் கையாலேயே அடித்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் தம்பி. 186 கருவிக்கு ஐந்தைந்து விவரம் என்று வைத்தாலே 930 பெட்டிகளை நிரப்ப வேண்டும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு 8 எது, ஆங்கில ‘பி’ எது என்று கண்ணே ஏமாற்றிவிடும். பைலால் ஏற்றுவதுதான் சரியான வழி. நீங்கள் சொன்ன இரண்டு பிழையும் உங்கள் நெற்வேர்க்கில் நடந்தவை அல்ல, பைல் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே நடந்தவை.

சி.எஸ்.வி. என்பது வெறும் எழுத்து. நடுவில் காற்புள்ளி, வரி முடிந்தால் அடுத்த வரி, அவ்வளவுதான். பல காலமாக ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை 2005 இல் ஆர்.எப்.சி. 4180 என்ற ஆவணத்தில் ஓரளவு ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தார்கள். ஆனால் ‘இது எண், இது எழுத்து’ என்று சொல்லிவைக்க அந்தப் பைலில் இடமே கிடையாது. அதனால் திறக்கிற மென்பொருள் தானாக ஊகிக்கிறது. 065 இல் தொடங்கும் பத்து இலக்கத்தைக் கண்டதும் எக்செல் அதை ஒரு எண் என்று எடுத்து, முன்னால் நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்று நீக்கிவிடும். சேமித்தால் போன பூச்சியம் போனதுதான், அந்தப் பைலிலிருந்து அதை மீட்க முடியாது, மூலப் பட்டியலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

இதே ஊகம் வேறு இடங்களிலும் கடிக்கும். சுவிட்சின் துளை இலக்கத்தை 1/2 என்று எழுதியிருந்தால் அது ஒரு திகதியாகிவிடும். மக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய, இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த தனி அடையாளம்) புள்ளியோ கோடோ இல்லாமல் தொடர்ச்சியாக எழுதி, அதில் கடைசிப் பக்கமாக ஆங்கில ‘ஈ’ ஒன்று மட்டும் வந்து மற்றதெல்லாம் இலக்கமாக இருந்தால், அதைப் பத்தின் அடுக்காக நினைத்து 1.12ஈ+11 மாதிரி ஒன்றாகச் சுருக்கிவிடும். 140 போனில் ஒன்றிரண்டுக்கு அப்படி ஒரு முகவரி அமைந்தால், அந்த ஒன்றிரண்டுதான் ஏன் எடுபடவில்லை என்று நாள் முழுக்கத் தலையைப் பிய்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே சி.எஸ்.வி. பைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவிலிருந்து பைலை உள்ளே எடுத்து, எல்லா நிரலையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். லிப்ரே ஆபிஸ் என்றால் திறக்கும்போதே அது கேட்கும், எனக்கு அதுதான் பிடித்தது. அப்புறம் அந்த முதல் நிரல் பிரச்சினை: எக்செலில் யூ.ரி.எப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைலில் எழுதும் முறை) சி.எஸ்.வி. என்று சேமித்தால் பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேரும். சில அமைப்புகள் அவற்றையும் நிரல் பெயரின் பகுதியாக வாசித்துவிடும், அதனால்தான் பெயர் சரியாக இருந்தும் காணவில்லை என்றது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து, அந்தக் குறி இல்லாத யூ.ரி.எப்-8 ஆகச் சேமித்தால் தீரும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கமெராக்களை இன்னும் ஏற்றவில்லை என்றால் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் அம்பாறைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் 60 கமெராக்களுக்கு இப்படித்தான் பைல் தயாரித்தேன். ஐ.பி. முகவரி 192.168.20.21, சப்நெற் மாஸ்க் 255.255.255.0, கேற்வே 192.168.20.1. மாஸ்க் என்பது எந்த முகவரிகள் ஒரே சப்நெற்றில், அதாவது ஒரே உள் வலையில், இருக்கின்றன என்று சொல்வது; கேற்வே அங்கிருந்து வெளியே போகும் வாசல். முதல் வரியை எழுதிவிட்டுப் பெட்டியின் மூலையைப் பிடித்து அறுபதாவது வரி வரை இழுத்தேன். முகவரிகள் 21, 22, 23 என்று அழகாக ஏறி 80 இல் நின்றன. ஏற்றியதும் மாஸ்க் பிழை என்று ஐம்பத்தொன்பது வரிகள் திரும்பி வந்தன: இழுத்தபோது அதுவும் 255.255.255.1, 255.255.255.2 என்று ஏறியிருக்கிறது. திருத்தி ஏற்றினேன், எல்லாம் பச்சை. கமெராக்களும் ரெக்கோடரும் ஒரே சப்நெற்றில் இருந்ததால் அங்கே எல்லாப் படமும் தெரிந்தது. மட்டக்களப்பு அலுவலகத்திலிருந்து பார்த்தால் மட்டும் ஒரே ஒரு கமெரா, முதலாவது மட்டும் வந்தது.

இரண்டு நாள் இணைப்பைச் சந்தேகித்தோம், றவுட்டரைச் சந்தேகித்தோம். கடைசியில் பதினேழாவது கமெராவின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் கேற்வே 192.168.20.17 என்று இருக்கிறது. அப்படியொரு கருவியே அங்கே இல்லை. மாஸ்க் ஏறியதை அமைப்பு பிடித்துக்கொண்டது, ஏனென்றால் 255.255.255.1 ஒரு மாஸ்க்காக இருக்கவே முடியாது. ஆனால் 192.168.20.17 ஒழுங்கான முகவரி, அதில் பிழை காண அதற்கு வழியில்லை. ஏற்றும் அமைப்பு எழுத்தின் வடிவத்தைத்தான் பார்க்கும், அந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது.

அதனால் ஒரு வரியை மட்டும் ஏற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். என்னுடைய முதல் வரி முழுக்கச் சரியாகத்தான் இருந்தது. முதல் வரி, நடுவில் ஒன்று, கடைசி வரி என்று மூன்றை எடுத்துத் தனிப் பைலாக ஏற்றி, அந்த மூன்று கருவியையும் வேறொரு சப்நெற்றிலிருந்து தொட்டுப் பாருங்கள். மாறாமல் இருக்க வேண்டிய நிரலை இழுக்காமல் பிரதி எடுத்து ஒட்டுங்கள். நிரல் பெயர்களையும் நீங்களாக எழுத வேண்டாம்: ஒரு கருவியைக் கையால் சேர்த்து, அதை அமைப்பிலிருந்து சி.எஸ்.வி. ஆக வெளியே எடுத்தால் அது எதிர்பார்க்கும் தலைப்பு வரி அப்படியே கிடைக்கும். மக் முகவரியைப் போனின் அடியில் குனிந்து பார்த்து எழுதுவதைவிட, பெட்டியில் இருக்கும் பார்கோடை வாசிப்பானால் நேரே தாளுக்குள் எடுங்கள்.

கேள்வி: கருவிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைத் தமிழில் எழுதி ஏற்றினேன். எக்செலில் நல்ல தமிழாகத் தெரிந்தது, ஏற்றிய பிறகு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். சில வரிகள் இரண்டாக உடைந்தும் விட்டன.
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: தங்கச்சி, நீங்கள் பாமினியில் அடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் அதுதான் கைக்கு வருகிறது. பாமினி ஒரு எழுத்துருதான். பைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு இல்லாத இடத்தில் உடுப்பைக் கழற்றிய மாதிரி அவை வெளியே தெரிந்துவிடும்.

வரி உடைந்ததற்கும் அதுவே காரணம். பாமினியில் ‘இ’ என்ற எழுத்து காற்புள்ளி விசையில் இருக்கிறது. ‘இரண்டாம் மாடி’ என்று அடித்தால் பைலில் முதலில் விழுவது ஒரு காற்புள்ளி. முகவரியில் ‘இல. 14’ என்று வந்தாலும் அப்படித்தான். எக்செல் அதைச் சுற்றி மேற்கோள்குறி போட்டுத்தான் சேமிக்கும், ஆனால் அந்தக் குறியை மதிக்காமல் காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டுகிற மென்பொருள்களும் உண்டு. புள்ளி வைத்த எழுத்துகளுக்கு அரைப்புள்ளி விழும். அரைப்புள்ளியால் பிரிக்கும் அமைப்பு என்றால் ‘மட்டக்களப்பு’ என்ற ஒரு சொல்லே நாலு துண்டாகும்.

எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, யூ.ரி.எப்-8 ஆகச் சேமியுங்கள். தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள், நான் சொல்ல மாட்டேன். இரவில் போன் வேலை செய்யவில்லை என்று ஓடிப்போகிறவருக்கு ‘மேல்மாடி, கணக்குப் பிரிவு’ என்று தன் மொழியில் இருந்தால் இடம் தெரியும். கருவியின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் வையுங்கள், ஏனென்றால் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். அதைத்தான் எதிர்பார்க்கும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மைக்ரோடிக் றவுட்டர். அதில் சி.எஸ்.வி. ஏற்றும் இடத்தையே காணவில்லை, நானா.
– ஒரு ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: அதற்குச் சி.எஸ்.வி. நேரே போகாது, சேர். கட்டளைகள் எழுதிய பைலைத்தான் அது எடுக்கும். தாளில் இன்னொரு நிரல் வைத்து, மக் முகவரியையும் ஐ.பி.யையும் கட்டளைக்குள் கோர்க்கும் சூத்திரம் ஒன்றை எழுதி, அந்த நிரலை மட்டும் எழுத்துப் பைலாகச் சேமித்து ஏற்றுங்கள்.

கவனம், பிழையான வரி வந்த இடத்தில் அது நின்றுவிடும், ஆனால் மேலே உள்ள வரிகள் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். திருத்திவிட்டு முழுப் பைலையும் மறுபடி ஏற்றினால் முதல் வரியே ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறிக்கும். நின்ற வரியிலிருந்து கீழே உள்ளதை மட்டும் வெட்டி ஏற்றுங்கள். நெற்வேர்க் கருவிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் நெற்பொக்ஸ் போன்றவை இப்படி இல்லை, ஒரு வரி பிழைத்தாலும் எதையும் எடுக்காது. இணைப்பு அறுந்தால் செய்த மாற்றங்களைத் திருப்பிவிடும் மைக்ரோடிக்கின் ‘சேஃப் மோட்’ காப்பாற்றும் என்றும் இருந்துவிட வேண்டாம், 100 மாற்றங்களைத் தாண்டினால் அது தானாக விலகிவிடும், செய்ததைத் திருப்பவும் மாட்டாது. ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். தொடங்க முதல் றவுட்டரின் பேக்கப் ஒன்றை எடுத்து உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள், றவுட்டருக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள்.