திங்கட்கிழமையை மட்டும் தொடாதீர்கள்

கேள்வி: எங்கள் கடைக்கு ஞாயிறு, திங்கள் விடுமுறை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் ஒருநாள் தங்கி, மியூசியமும் நல்ல சாப்பாடுமாக இருந்துவிட்டு வரலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனோ மால் தவிர வேறெங்கும் வரமாட்டேன் என்கிறான்.
- ஒரு வாசகி, வடசேரி

பதில்: தாயீ, முதலில் அந்தத் திங்களை மாற்றுங்கள். நேப்பியர் மியூசியம், மிருகக்காட்சி சாலை, குதிரமாளிகை, பத்மநாபபுரம் அரண்மனை நாலுக்கும் திங்கள் விடுமுறை. திருவனந்தபுரத்துச் சந்தையான சாலைக் கம்போளத்தில் அரிசி மண்டிக் கணக்கு எழுதிப் பதினேழு வருஷம் காலம் தள்ளிய நானே ஒரு திங்களன்று தங்கை பிள்ளைகளைக் கூட்டிப்போய், பூட்டிய வாசலில் கடலை வாங்கிக் கொடுத்துத் திரும்பியவன். ஒரு வாரம் மட்டும் சனிக்கிழமை கடையை அடைத்துவிடுங்கள், வியாபாரம் ஓடிப்போகாது.

சனி காலை தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் பார்த்துவிட்டுப் போங்கள். நம் மாவட்டத்து மண்ணில் இருந்தாலும் கேரள அரசு நடத்தும் அரண்மனை. 1956-ல் எல்லை மாறியது, சாவி மாறவில்லை. பக்கத்து வீடு என்பதாலோ என்னவோ, நம்மவர்களில் பாதிப்பேர் உள்ளே போனதே இல்லை. வாசலருகே தொங்கும் குதிரை விளக்கைப் பையனுக்குக் காட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும், பழைய நிலைக்குத் திரும்பாது. ஏன் என்று அவனே யோசிக்கட்டும். உள்ளே படிகள் செங்குத்து, செருப்பையும் கழற்ற வேண்டும். மாமியார் கீழே உட்கார்ந்திருக்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய உருளைக் கட்டடம். உள்ளே படியே கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுதான். சுவரை ஒட்டிய மேசைகளில் வாசல் பக்கத்து முதல் மேசையைப் பிடித்துவிடுங்கள், முழங்காலுக்கு வேலை இல்லை. மசால் தோசையைப் பிய்த்ததும் உள்ளே சிவப்பாக இருந்தால் பதறவேண்டாம், பீட்ரூட்தான். எனக்கு அந்த இனிப்பு பிடிக்காது, கட்லெட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

ஞாயிறு காலை குதிரமாளிகை. கூரைக்குக் கீழே 122 மரக் குதிரைகள். பையனை எண்ணச் சொன்னால் மாலை மறந்துவிடுவான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. பக்கத்திலேயே பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது அதிலுள்ள தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்கும், இரண்டு ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். கடிகாரம் ஓடும் நாளாக இருந்தால் ஐந்து நிமிஷம் முன்னமே போய் நில்லுங்கள்.

பிறகு நேப்பியர் மியூசியம். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து 1880-ல் முடிந்த கட்டடம். உள்ளே இருக்கும் வெண்கலச் சிலைகளை விட வரிவரியாக வண்ணம் பூசிய அந்தச் சுவர்தான் எனக்குப் பிடிக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று வரும்படி கட்டியிருக்கிறார்கள். அதே வளாகத்தில்தான் ரவிவர்மா ஓவியங்கள். சிவப்புப் புடவையில் தமயந்தியும் அன்னமும் நிற்கும் படத்தின் முன்னால் மாமியாருக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள். நகரமாட்டார். மால் வேண்டுமானால் ஞாயிறு மாலை, நேரம் மிஞ்சினால்.

கேள்வி: திருவனந்தபுரத்துக் கல்யாணத்தில் இலையில் போளியை வைத்து அதன்மேல் பாயசத்தை ஊற்றுகிறார்களே, இதென்ன கூத்து?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கூத்தில்லை ஐயா, அதுதான் முறை. எங்கள் ஊர்ப் பக்கமும் அப்படித்தான். கடலைப்பருப்புப் போளி, மஞ்சளாக, கைபட்டால் கிழியும் பதத்தில் இருக்கும். பாயசம் ஊற்றியதும் உடனே பிசையாமல் அரை நிமிஷம் ஊறவிடுங்கள். அப்புறம் இரண்டாவது போளியை நீங்களே கேட்பீர்கள். கேட்டால் போடுவார்கள்.