நடுராத்திரிப் புகார்கள்: மாஸ்டடான் அட்மினிடம் கேள்வி பதில்

மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளம்; ஆனால் ஒரே நிறுவனத்திடம் இல்லாமல், தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பினாங்கில் அப்படி ஒரு சின்ன சர்வர் நடத்துகிறேன். நூறு பேர் சொச்சம், பெரும்பாலும் தமிழர்கள். மட்டுறுத்தல், அதாவது புகார்களைப் பார்த்துப் பதிவுகளை நீக்கும் வேலை, பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்ததில் சில இங்கே.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, என்னைப் பற்றிய பொய்ப் பதிவை நீங்கள் நீக்கிவிட்டீர்கள். வேறு சர்வரில் இன்னும் தெரிகிறதே?

கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுத்த பிறகு தேதியை மாற்றுவது மாதிரிதான் தம்பி. மாற்றிவிட்டோம் என்று சொல்லி அனுப்பலாம்; பழைய பத்திரிகையை யார் வீட்டிலும் போய்ப் பிடுங்க முடியாது. நான் நீக்கியதும் மற்ற சர்வர்களுக்கு ‘நீக்குங்கள்’ என்று தகவல் போகும். பெரும்பாலானவை கேட்கும். கேட்காதவற்றின் அட்மினுக்கு எழுதிப் பார்ப்பேன், அவ்வளவுதான். எல்லோருக்கும் மேலே ஒரு தலைமை அலுவலகம் கிடையாது.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா: கெட்ட வார்த்தைகளை முன்கூட்டியே தடுத்துவிட்டால் என்ன?

செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன் அக்கா. நம்மைப் புண்படுத்தும் ‘கெலிங்’ என்ற சொல்லைத்தான் முதலில் பட்டியலில் போட்டேன். மறுநாளே, ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சாப்பிட்டதைச் சொன்னவரின் பதிவு மாட்டிக்கொண்டது. சாலைக்கே அந்தப் பெயர்தானே! இன்னொரு பக்கம், திட்டுகிறவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். ஒரே சொல்லுக்குப் பத்து எழுத்துக்கூட்டல். நடுவில் மலாய் வேறு. அதோடு, இரண்டு நண்பர்கள் ‘டேய் நாயே’ என்று கொஞ்சிக்கொள்வதும் அதே சொல்லை ஒருவர் முன்பின் தெரியாத பெண்ணிடம் வீசுவதும் மெஷினுக்கு ஒன்றுதான். இப்போது பட்டியலே வைத்துக்கொள்வதில்லை. புகார் வந்தால் முழு உரையாடலையும் உட்கார்ந்து படிக்கிறோம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: மோசமான சர்வரை மொத்தமாகத் தடுக்கலாமே?

தடுக்கலாம். 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் (Gab) என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பல சர்வர்கள் அப்படித்தான் கதவை மூடின. ஆனால் 2024 பிப்ரவரியில் ஸ்பேம் அலை அடித்ததே, அது வந்தது கவனிக்க ஆளில்லாத குட்டி சர்வர்கள் வழியாக. எரிச்சலில் அப்படி ஒன்றை முழுசாகத் துண்டித்தேன். நம் ஆள் ஒருவரின் தம்பி அந்த சர்வரில்தான் இருந்திருக்கிறார். தடையை எடுத்த பிறகும் அறுந்த தொடர்பு தானாக ஒட்டாது. இருவரும் முதலிலிருந்து பின்தொடர வேண்டியதாயிற்று. அதனால் இப்போதெல்லாம் முதலில் ‘மட்டுப்படுத்து’தான். அந்த சர்வரின் பதிவுகள் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும், எல்லோரும் பார்க்கும் பொது ஓடையில் வராது.

கிள்ளானிலிருந்து: சட்டச் சிக்கல் வராதா சார்?

வரலாம். மலேசிய ஆதாரச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114ஏ பிரிவின்படி, நிர்வாகி என்று பெயர் போட்டிருந்தால், இல்லையென்று நிரூபிக்கும்வரை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று கொள்வார்கள். வாசகர் கருத்துகளுக்காக 2021இல் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி என்ற செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. 2025 ஜனவரி முதல் வந்த உரிம விதி மலேசியாவில் 80 லட்சமோ அதற்கு மேலோ பயனர்கள் உள்ள தளங்களுக்கு. நம் நூறு பேருக்கு அது பொருந்தாது. மற்ற சட்டங்கள் பொருந்தும். இனம், மதம் பற்றிய புகார் வந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: தனிச் செய்திகளைப் படிப்பீர்களா?

படிப்பதில்லை. ஆனால் சர்வர் வைத்திருப்பவர் நினைத்தால் முடியும். ரகசியத்துக்கு சிக்னல் என்ற செய்திச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: நீங்களே தப்பு செய்தால் யார் கேட்பது?

நல்ல கேள்வி. முன்பு யாரும் இல்லை. இப்போது இன்னும் இருவர் மட்டுறுத்துகிறார்கள்; ஒருவருடைய நண்பர் மேல் புகார் வந்தால் அவர் விலகிக்கொள்வார். போன மாதம் என் பதிவு மேலேயே புகார் வந்தது. அந்த இருவரில் ஒருவரான அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கிவிட்டார். இரண்டு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் திரும்பப் படித்தேன். நீக்க வேண்டியதுதான்.